ஊர் வீட்டில் ஒரு பஸில் பலகை: குடும்பத்தோடு ஜிக்சா தொடங்குகிறவர்களுக்கு

செட்டிநாட்டில் ஊர் வீட்டைத் திறந்து எல்லாரும் கூடுகிற நாட்கள் வருடத்தில் கொஞ்சம்தான். பிள்ளையார் நோன்பு, முன்னோருக்குப் படையல் போடுகிற படைப்பு, கோயில் திருவிழா, ஒரு கல்யாணம். வந்தவர்கள் முதல் நாள் கலகலவென்று பேசுவார்கள். மறுநாளே பெரியவர்கள் முகப்பில், பிள்ளைகள் ஆளுக்கொரு போனோடு ஒரு மூலையில் என்று பிரிந்துவிடுவார்கள். சென்னையிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வந்த பேரனுக்கு அப்பத்தாவிடம் என்ன பேசுவதென்று தெரியாது. அப்பத்தாவுக்கும் "சாப்பிட்டியா, தூங்குனியா" தாண்டி என்ன கேட்பதென்று தெரியாது.

அந்த நேரத்தில் நடுவில் ஒரு பலகையைப் போட்டு, பாதி சேர்ந்த ஒரு ஜிக்சா பஸிலை, அதாவது துண்டுதுண்டாக வெட்டிய அட்டைப் படத்தைத் திரும்பச் சேர்க்கிற ஆட்டத்தை, வைத்துப் பாருங்கள். கைக்கு வேலை கிடைத்தால் பேச்சு தானாக வரும். போகிறபோக்கில் ஒருவர் நின்று ஒரு துண்டை வைப்பார், அப்புறம் உட்கார்ந்துவிடுவார். அதனால் ஒரு பஸில் நல்லதா இல்லையா என்று பார்க்கும்போது நான் முதலில் கேட்பது, அதைச் சுற்றி ஒரே நேரத்தில் எத்தனை பேர் உட்கார முடிந்தது என்பதைத்தான். மற்றதெல்லாம் பிறகு. வாங்குவது, சேர்ப்பது, சேர்த்தபின் அதைப் பற்றி எழுதிவைப்பது மூன்றையும் அந்தக் கணக்கிலேயே சொல்கிறேன்.

எந்தப் படம், எத்தனை துண்டு

புதிதாகத் தொடங்குகிறவர்கள் செய்வது, பெட்டியில் உள்ள அழகான படத்தைப் பார்த்து 1000 துண்டை வாங்கிவிடுவது. நீல வானமும் நீலக் கடலும் உள்ள படம் பார்க்க அழகுதான். ஆனால் பாதித் துண்டுகள் ஒரே நிறமாக இருக்கும். இரண்டு நாளில் எல்லாரும் எழுந்து போய்விடுவார்கள். வீட்டோடு உட்கார வேண்டுமென்றால் படம் பல சிறிய பகுதிகளாகப் பிரியக்கூடியதாக இருக்கட்டும்: கடைத்தெரு, சந்தை, புத்தக அலமாரி, பெயர்ப்பலகைகள், ஆளுக்கொரு நிறச் சேலையில் பெண்கள், பல வகைப் பறவைகள். அப்போதுதான் "பச்சைக் கதவு எனக்கு", "கிளி எனக்கு" என்று ஆளுக்கொரு இடத்தைப் பிடித்துக்கொள்ள முடியும்.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு ஆசை வரும், ஆத்தங்குடிக் கல் என்கிற பூவேலைத் தரைக்கல் பாவிய தரையையோ அதன் பூவேலையையோ பஸிலாகச் செய்துகொள்ளலாமே என்று. போட்டோ கொடுத்தால் பஸிலாக அச்சிட்டுத் தருகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் முதல் பஸிலாக அது வேண்டாம். ஒரே பூ திரும்பத் திரும்ப வரும் படத்தில் எந்தத் துண்டு எந்தப் பூவுக்கு என்று கண்டுபிடிக்க, பழகியவர்களுக்கே பொறுமை போய்விடும். அதற்குப் பதில் வீட்டின் முகப்பையோ, பழைய கல்யாணக் குழுப் படத்தையோ கொடுங்கள். குழுப் படம் என்றால் ஒவ்வொரு முகமும் ஒரு பகுதி. "இது யாரு?" என்ற கேள்வியோடுதான் ஒவ்வொரு துண்டும் உட்காரும். கறுப்பு வெள்ளைப் படமாக இருந்தால் மட்டும் துண்டு எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள். நிறம் இல்லாதபோது வேலை இரட்டிப்பாகும்.

இன்னொரு நல்ல தேர்வு வரைபடம். இந்தப் பொழுதுபோக்கே அங்கிருந்துதான் தொடங்கியது. 1760-களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற வரைபடச் செதுக்குநர், நிலப்படத்தைப் பலகையில் ஒட்டி, நாடுகளின் எல்லைக்கோட்டை ஒட்டி அறுத்து, பிள்ளைகளுக்குப் பூகோளம் சொல்லிக்கொடுப்பதற்காக விற்றார். நம் வீடுகளுக்கு வரைபடம் இன்னும் பொருத்தம். உலகப் படத்திலோ ஆசியப் படத்திலோ பிள்ளை மியான்மர் துண்டைக் கையில் எடுத்தால் போதும், வீட்டில் பெரியவர் யாராவது "அது நம்ம பர்மா" என்று சொல்லிவிட்டு, யாருடைய ஐயா எந்த ஊரில் கடை வைத்திருந்தார், எதை விட்டுவிட்டு வந்தார்கள் என்று தொடங்கிவிடுவார். மலேசியா, இலங்கை, வியட்நாம் என்று கை நகர நகர ஒரு குடும்பத்தின் வரலாறே வெளியே வரும். பிள்ளைகள் பாடமாக உட்கார்ந்து கேட்க மாட்டார்கள். துண்டு தேடிக்கொண்டே கேட்பார்கள்.

எண்ணிக்கைக்கு ஒரு சுமாரான கணக்கு: நான்கைந்து வயதுக்கு 24 முதல் 48, ஆறு முதல் எட்டு வயதுக்கு 100, ஒன்பது வயதுக்கு மேல் 200, 300. பெரியவர்கள் புதிதாகத் தொடங்க 300 அல்லது 500. வீடு நிறைய ஆள் இருந்து, நான்கு நாளாவது தங்குவார்கள் என்றால் மட்டும் 1000. கண் மங்கிய பெரியவர்களுக்கென்று பெரிய துண்டுகளாக 300 துண்டுப் பெட்டிகள் கிடைக்கின்றன. அவற்றைத் தேடி வாங்குவது வீண் போகாது.

மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை வீட்டில் இருந்தால் சிறிய துண்டுகள் அதன் கைக்கு எட்டவே கூடாது. வாயில் போட்டால் தொண்டையில் அடைக்கும். 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான விளையாட்டுப் பொருட்களுக்கு இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். பிள்ளைகளுக்கான பெட்டி வாங்கும்போது திருப்பி, அந்த முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

பலகையும் இடமும்

முதல் செலவு பஸில் இல்லை, பலகை. 1000 துண்டுப் படம் முடிந்தால் பெரும்பாலும் 70-க்கு 50 செ.மீ. வரும், 500 துண்டு ஏறக்குறைய 49-க்கு 36. பிளைவுட் கடையில் 3 அடிக்கு இரண்டரை அடி வெட்டிக் கேளுங்கள். படத்துக்கும் இடம் இருக்கும், சுற்றிலும் துண்டுகளைப் பரப்பவும் இடம் இருக்கும். விளிம்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடுங்கள், சிராய் குத்தும். மேலே ஒரே நிறத்தில், பூவேலை இல்லாத, மங்கலான துணியை இழுத்து ஒட்டினால் துண்டு வழுக்காது, சத்தமும் வராது.

நேரே தரையில் செய்ய வேண்டாம் என்பதற்கு நம் வீடுகளில் தனிக் காரணம் உண்டு. ஆத்தங்குடிக் கல்லின் பூவுக்கு நடுவே விழுந்த துண்டு கண்ணுக்கே தெரியாது. வழவழப்பான தரை, ஒரு தட்டுத் தட்டினால் சர்ரென்று தூணடிக்குப் போய்விடும். கீழே ஒரு ஜமுக்காளம் விரித்து அதன்மேல் பலகையை வையுங்கள். விழுந்தாலும் அங்கேயே கிடக்கும்.

வெளிச்சத்துக்கு, வீட்டு நடுவே திறந்த முற்றமாக இருக்கிற வளவுப் பக்கத்தை மிஞ்சியது இல்லை. வானத்திலிருந்து இறங்கும் பகல் வெளிச்சத்தில் நிற வேறுபாடு தெளிவாகத் தெரியும். ஆனால் நேர் வெயில் படும் இடமும், சாரல் அடிக்கும் இடமும் ஆகாது. அட்டை வெயிலில் வளையும், ஈரத்தில் உப்பும். ஐப்பசி கார்த்திகையில் ஈரக்காற்று வீசும்போது சாயங்காலத்துக்குள் பலகையைத் தூக்கி உள்ளே வைத்துவிடுங்கள். இரவில் ஒரு பழைய வேட்டியால் மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டால் தூசி, பூனை, தவழும் குழந்தை மூன்றிலிருந்தும் தப்பும்.

முழங்கால் வலிக்காரர்களை மறந்துவிடாதீர்கள். அப்பத்தாவும் ஆயாவும் கீழே உட்கார முடியாது என்பதாலேயே ஆட்டத்திலிருந்து விலகிப்போகிறார்கள். பலகை தூக்கக்கூடியதாக இருந்தால் ஒரு மேசை மேல் வைத்து நாற்காலி போட்டுவிடலாம். இல்லையென்றால் அவர்கள் பகுதிக்கான துண்டுகளை ஒரு தாம்பாளத்தில் போட்டு மடியில் கொடுங்கள். அங்கேயே சேர்த்து, சேர்ந்ததைப் பலகைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

சேர்க்கத் தொடங்குவது

பெட்டியைத் திறந்து துண்டுகளை நேரே பலகையில் கொட்டாதீர்கள். முதலில் சல்லடையில் போட்டு, ஒரு செய்தித்தாள் மேல் மெதுவாக ஆட்டுங்கள். அட்டைத்தூள் கீழே இறங்கிவிடும். இந்தத் தூள் குழிகளில் அடைத்துக்கொண்டால் சரியான துண்டும் சரியாக உட்காராது. எவ்வளவு தூள் விழுந்தது என்பதைப் பார்த்து வையுங்கள், பிறகு எழுதும்போது தேவைப்படும். துண்டுகளை வெட்டுவது, எஃகு அலகுகளை வளைத்துப் பொருத்திய ஓர் அச்சு. அது அட்டையின் மேல் அழுத்தி வெட்டும். அலகு மழுங்கினால் தூள் கூடும், துண்டின் விளிம்பு பிய்ந்து நார் நாராக நிற்கும், இரண்டு துண்டுகள் ஒட்டிக்கொண்டும் வரும். ஒட்டியிருப்பதைச் சேர்ந்துவிட்டது என்று விட்டுவிடாமல் பிரித்து வையுங்கள்.

அடுத்து எல்லாத் துண்டுகளையும் படம் மேலே தெரியும்படி திருப்ப வேண்டும். இதைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள், ஆசையாகச் செய்வார்கள். திருப்பும்போதே நேர்விளிம்பு உள்ள ஓரத் துண்டுகளைத் தனியே எடுக்கட்டும். 40-க்கு 25 வரிசையில் வெட்டிய 1000 துண்டில் ஓரத் துண்டுகள் 126 இருக்கும், 25-க்கு 20 வரிசையில் வெட்டிய 500 துண்டில் 86. பெட்டியில் 1000 என்று போட்டிருந்தாலும் 38-க்கு 27 என்று வெட்டி 1026 துண்டு வருவதும் உண்டு. அதனால் எண்ணிக்கை கூடினால் பயப்பட வேண்டாம்.

நிறவாரியாகப் பிரிக்கக் கொட்டானைப் போல வசதியான பொருள் வேறு இல்லை. சீர்வரிசைக்கு வாங்கிவைத்த பனையோலைக் கொட்டான்கள் எந்தச் செட்டிநாட்டு வீட்டிலும் அலமாரியில் இருக்கும். சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, எழுத்து உள்ள துண்டுக்கு ஒன்று, முகங்களுக்கு ஒன்று. கையில் எடுத்துக்கொண்டு திண்ணைக்குக்கூடப் போகலாம். ஆனால் கொட்டான் ஆழமானது என்பதால் அடியில் கிடப்பது தெரியாது. துண்டு குறைவான நிறங்களுக்குக் கொட்டான், அதிகமானவற்றுக்குச் சுளகோ தட்டோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓரத்தைச் சேர்த்து முடித்ததும், ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த பகுதியை எடுத்துக்கொள்ளட்டும். எழுத்து, முகம், கூர்மையான கோடு உள்ள இடங்கள் எளிது. அங்கேதான் பிள்ளைகளும் புதியவர்களும் தொடங்க வேண்டும். வானம், தண்ணீர், நிழல் எல்லாம் கடைசியில். அந்தக் கட்டத்தில் நிறத்தை நம்பிப் பயனில்லை, வடிவத்தைத்தான் பார்க்க வேண்டும். நான்கு பக்கமும் வழக்கமான குமிழோ குழியோ உள்ள துண்டுகளை ஆறே வகையாகப் பிரித்துவிடலாம்: குமிழே இல்லாதது, ஒரு குமிழ், எதிரெதிரே இரண்டு, அடுத்தடுத்து இரண்டு, மூன்று, நான்கு. மிச்சமிருக்கும் வானத் துண்டுகளை இந்த ஆறு வரிசையில் அடுக்கிவிட்டு, காலியாக உள்ள இடத்துக்கு எந்த வகை வேண்டுமென்று பார்த்து அந்த வரிசையை மட்டும் ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரியான வேலைதான், ஆனால் தவறாமல் முடியும். எங்கள் வீட்டில் பதின்ம வயதுப் பையன்களுக்குத்தான் இது பிடிக்கிறது. ஒரு பாட்டைப் போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்துவிடுவார்கள்.

எங்கே வைத்தாலும் துண்டை அழுத்தித் திணிக்க வேண்டாம். சரியான துண்டு லேசான அழுத்தத்திலேயே உட்காரும், சுற்றிலும் இடைவெளி ஒரே அளவாக இருக்கும். சந்தேகமாக இருந்தால் அந்தப் பகுதியை வெளிச்சத்துக்குச் சாய்வாகப் பாருங்கள். தவறான துண்டு ஒரு பக்கம் சற்றே எழும்பி நிற்கும்.

உட்காருகிறவர்களுக்கு நான்கு வார்த்தை

தேன்குழல், சீப்புச் சீடை, மாவுருண்டை எல்லாம் வந்துகொண்டேதான் இருக்கும். தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். ஆனால் தட்டு பலகையில் ஏறக் கூடாது, கை துடைக்க ஒரு துணி பக்கத்தில் கிடக்க வேண்டும். எண்ணெய் பட்ட அட்டை கறுத்துப்போகும், அந்தக் கறை போகவே போகாது.

ஒருவர் சேர்த்துக்கொண்டிருக்கும் பகுதிக்கான துண்டு உங்கள் கண்ணில் பட்டால் அவர் பக்கம் நகர்த்தி வையுங்கள், நீங்களே வைத்துவிடாதீர்கள். சின்னப் பிள்ளைகள் விஷயத்தில் இது ரொம்ப முக்கியம். அவர்கள் பத்து நிமிடம் தேடிய துண்டை சித்தப்பா ஒரு நொடியில் வைத்துவிட்டால் அடுத்த நாள் அந்தப் பிள்ளை பலகைப் பக்கமே வராது.

நேரம் பார்த்துச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஸ்பெயினின் வயாதொலித் நகரில் 2019-இல் உலக ஜிக்சா சாம்பியன்ஷிப் தொடங்கியது. அதில் தனியாள் போட்டி 500 துண்டு. இரண்டு பேராகவும் குழுவாகவும் போட்டி உண்டு. பிள்ளைகளுக்கு அந்த வீடியோக்களைக் காட்டலாம், எப்படிப் பிரித்து அடுக்குகிறார்கள் என்று கற்றுக்கொள்ளலாம். ஆனால் ஊர் வீட்டுப் பலகையில் கடிகாரத்தை வைக்காதீர்கள். முதலில் விலகிப்போகிறவர்கள் பெரியவர்களாகத்தான் இருப்பார்கள்.

முடித்த பிறகு எழுதுவது

ஒரு பஸிலை முடித்துவிட்டு அதைப் பற்றி எழுதுவதுதான் இந்தப் பொழுதுபோக்கின் இரண்டாவது பாதி. "சூப்பர், பிள்ளைகளுக்குப் பிடித்தது" என்று எழுதினால் வாங்கப்போகிறவருக்கு ஒன்றும் தெரியாது. படம் எப்படி இருக்கும் என்பதை அவர் பெட்டியிலேயே பார்த்துவிடலாம். கையில் எடுத்தவருக்கு மட்டும் தெரிந்ததைத்தான் நீங்கள் சொல்ல வேண்டும்.

முதலில் அட்டை. நல்ல துண்டு ஏறக்குறைய 2 மி.மீ. தடிமன் இருக்கும், மடக்கினால் லேசில் மடங்காது, படத்தாள் அட்டையிலிருந்து உரியாது. அடுத்தது பொருத்தம். பத்துப் பதினைந்து துண்டு சேர்ந்த ஒரு பகுதியின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். அப்படியே எழுந்து வந்தால் இறுக்கம் நல்லது. கலகலவென்று உதிர்ந்தால் தளர்வு. தளர்வானது வீட்டோடு செய்ய ஆகாது, யாராவது ஒருவர் கை பட்டாலே கலைந்துபோகும். அதன்பின் வெட்டு. நேர் வரிசைகளாக வெட்டியதா, இல்லை கோணல்மாணலாக ஒவ்வொன்றும் வெவ்வேறு வடிவமாக வெட்டியதா? நேர் வரிசையில் துண்டுகள் ஒன்றுபோலவே இருப்பதால் தவறான துண்டு பொருந்திப்போகும் வாய்ப்பு அதிகம். கோணல் வெட்டில் வடிவமே வழிகாட்டும், புதியவர்களுக்கு அதுதான் எளிது.

அச்சின் தெளிவு, இரவு விளக்கில் கூசுகிறதா, பெட்டியில் உள்ள படமும் உண்மைப் படமும் ஒன்றா (ஓரம் வெட்டுப்பட்டிருப்பது அடிக்கடி நடக்கும்), தனியாகப் பெரிய மாதிரிப் படம் கொடுத்திருக்கிறார்களா, துண்டு ஏதும் குறைந்ததா என்பதையெல்லாம் ஒவ்வொரு வரியில் சொன்னால் போதும். விலையைத் துண்டு எண்ணிக்கையால் வகுத்தும் எழுதலாம். ஆனால் ஒரே அளவுப் பெட்டிகளை ஒப்பிட மட்டும்தான் அது உதவும்.

துண்டு குறைகிறது என்று எழுதுவதற்கு முன் நன்றாகத் தேடிவிடுங்கள். ஜமுக்காளத்தின் மடிப்பு, உட்கார்ந்தவர்களின் சேலை மடிப்பு, கொட்டானின் அடி, பெட்டிக்குள் கிடக்கும் பிளாஸ்டிக் கவர், அப்புறம் சின்னப் பிள்ளைகளின் சட்டைப்பை. கடைசித் துண்டைத் தானே வைக்க வேண்டுமென்று ஒளித்துவைக்கிற பிள்ளை எல்லா வீட்டிலும் ஒன்று இருக்கும். உண்மையிலேயே குறைந்தால் கடையிலோ நிறுவனத்திலோ கேளுங்கள். மாற்றுத் துண்டு அனுப்புகிற நிறுவனங்கள் சில உண்டு. பெட்டியையும் பில்லையும் அதுவரை தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, யார் எதைச் சேர்த்தார்கள் என்பதை எழுதுங்கள். உதாரணத்துக்கு இப்படி:

"500 துண்டு, மழைநாள் கடைத்தெருப் படம். அட்டை கெட்டி, தூள் மிகக் குறைவு. பத்துத் துண்டாகத் தூக்கினால் பிரியவில்லை. பெயர்ப்பலகைகளை எட்டு வயதுப் பிள்ளை யார் உதவியும் இல்லாமல் சேர்த்தாள். குடைகள் பெரியதாகவும் பளிச்சென்றும் இருப்பதால் அப்பத்தா கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதையும் முடித்தார்கள். மேல் வலப்பக்கத்துச் சாம்பல் வானத்தில் தவறான துண்டுகள் பொருந்திப்போகின்றன, கவனம். டியூப்லைட்டில் கூசுகிறது, பகலில் செய்யுங்கள். நான்கு பேர் சேர்ந்து உட்காரலாம், ஐந்தாவது ஆளுக்கு வேலை இல்லை."

இதைப் படிக்கிறவர் தன் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து, வாங்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்துவிடலாம். அப்பத்தாவிடமும் பிள்ளையிடமும் தனித்தனியே கேட்டு எழுதினால் இன்னும் நல்லது. உங்களுக்கு எளிதாக இருந்த இடம் அவர்களுக்கு எரிச்சலாக இருந்திருக்கும்.

கலைத்து எடுத்து வைப்பது

முடித்த படத்தை ஒட்டிச் சட்டம் போட வேண்டுமா என்று கேட்பார்கள். குடும்பப் படமென்றால் போடுங்கள். மற்றதைக் கலைத்துவிடுவதே நல்லது, இன்னொரு வீட்டுக்குப் போகும். கலைக்கும்போது நிறவாரியாகவோ பகுதிவாரியாகவோ சின்னக் கவர்களில் போட்டால் அடுத்து செய்கிற சின்னப் பிள்ளைகளுக்குப் பாதி வேலை மிச்சம்.

இரண்டு பெட்டிகளை ஒரே நேரத்தில் திறக்கிற வீடென்றால், துண்டுகளின் பின்பக்கம் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைத்துவிடுங்கள். ஒரு நிறுவனம் பல படங்களுக்கு ஒரே வெட்டு அச்சைப் பயன்படுத்துவது உண்டு. அப்படி இருந்தால் ஒரு படத்தின் துண்டு இன்னொரு படத்தில் கச்சிதமாக உட்கார்ந்துவிடும், கலந்துபோனால் பிரிப்பது பெரும்பாடு.

மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் ஊர் வீட்டில் அட்டைப் பெட்டியை அப்படியே விட்டுவிட்டுப் போகாதீர்கள். கறையானும் ராமபாணப் பூச்சியும் விடாது. துண்டுகளைக் காற்றுப் புகாத கவரில் போட்டு, மருந்துப் பாட்டில்களோடு வருகிற ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் ஒன்றை உள்ளே வைத்து, சுவரை ஒட்டாமல் உயரமான அலமாரியில் வையுங்கள். பெட்டி மூடியின் உள்பக்கம் முடித்த தேதி, சேர்த்தவர்களின் பெயர், துண்டு ஏதும் குறைந்திருந்தால் எந்த இடத்தில் என்பதை எழுதிவிடுங்கள். நீங்கள் எழுதிய குறிப்பின் நகலையும் மடித்து உள்ளேயே போட்டுவிடலாம். அடுத்த படைப்புக்குக் கூடும்போது பங்காளி வீட்டாரிடம் இருப்பதையும் உங்களிடம் இருப்பதையும் மாற்றிக்கொண்டால் புதிதாக வாங்க வேண்டியதே இருக்காது.